மார்ச் 23 லண்டன் திருமணக் கண்காட்சி: ஸ்பான்சர் விலகிவிட்டார், மேல்மாடியும் போய்விட்டது. தள்ளிவைப்பதா, சுருக்கி நடத்துவதா?

ஹரோவாசி
3 பிப்ரவரி 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நானும் தோழி ஒருத்தியும் வெம்பிளிப் பக்கம் ஒரு மண்டபத்தில் தமிழர் திருமணக் கண்காட்சி ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறோம். மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. கீழ்த்தளத்தில் 28 கடை, மேல்மாடியில் 14 கடை. மணவறை, சாப்பாடு, படப்பிடிப்பு, கூறைச்சேலை, மேக்கப், நாதஸ்வரம் தவில், கேக் என்று எல்லாமே பதிவாகி, பாதி வாடகையும் வந்துவிட்டது.

போன வாரம் அடுத்தடுத்து இரண்டு அடி. முதலில், தலைப்பு ஸ்பான்சராக வருவதாக இருந்த நகைக்கடை விலகிக்கொண்டது. 6,000 பவுண்டு தருவதாகப் பேச்சு. முதல் தவணைக்கு பில் அனுப்பியதும், "இந்த வருடம் வேண்டாம் என்று முதலாளி நினைக்கிறார்" என்று ஒரே ஒரு வரி பதில். அந்தச் சூடு ஆறுவதற்குள் மண்டபத்தில் இருந்து அழைப்பு. கூரை ஒழுகி மேல்மாடி சீலிங் இறங்கிவிட்டதாம், ஏப்ரல் கடைசி வரை அந்தத் தளத்தைத் தர முடியாதாம்.

புது ஸ்பான்சரும் மாற்று இடமும் கிடைக்கும் வரை கடைக்காரர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்கிறாள் தோழி. ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் வரிசையாக எல்லாரும் கேட்பார்கள் என்று பயம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தள்ளிவைக்கலாமா, சுருக்கி நடத்தலாமா, மொத்தமாக நிறுத்திவிடலாமா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஈலிங் அக்கா
3 பிப்ரவரி, இரவு 11.15

தங்கச்சி, நான் சாப்பாட்டுக் கடைக்காரி. மேசைக்கு மற்றப் பக்கத்தில் நின்று சொல்கிறேன், நாளைக்கே சொல்லிவிடுங்கோ.

உங்கள் கண்ணுக்குத் தெரிவது கடை வாடகை மட்டும். எங்களுக்கு அது சின்னச் செலவு. வான் பிடிக்க வேண்டும், இரண்டு பெடியன்களுக்கு நாட்சம்பளம், ருசி பார்க்கக் கொடுக்கிற சாமான், அன்றைக்கென்று வேண்டாமென்று விட்ட கல்யாண ஓடர். எல்லாம் சேர்ந்தால் வாடகையைப் போல மூன்று மடங்கு வரும். முன்பு ஒரு கண்காட்சியில் இடம் மாறியதைக் காலையில் நாங்கள் வானை நிறுத்திய பிறகுதான் சொன்னார்கள். சூடுபெட்டிகளை மாடிக்குத் தூக்கி ஏற்றினோம். மேலே ஒரே ஒரு பிளக் பொயின்ட், அதிலும் படப்பிடிப்புக்காரரின் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆறிப்போன ரோல்ஸைத் தின்ற சனம் ஏற்பாட்டாளரையா நினைவில் வைத்திருக்கும்? எங்கள் கடைப் பெயரைத்தான்.

பிந்திச் சொன்னால்தான் எல்லாரும் காசைக் கேட்பார்கள். முந்திச் சொன்னால் பாதிப் பேர் "சரி, என்ன செய்யலாம்" என்று கேட்பார்கள்.

கணக்குப்பிள்ளை
4 பிப்ரவரி, காலை 7.50

உணர்ச்சியெல்லாம் அப்புறம் பார்க்கலாம். வரவு செலவைப் போடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருப்பது யாரோடு, வாய்ப்பேச்சு யாரோடு என்பதையும் சொல்லுங்கள்.

ஹரோவாசி
4 பிப்ரவரி, பகல் 1.05

ஒரு கடை 250 பவுண்டு. 42 கடைக்கு 10,500. ஸ்பான்சர் 6,000. ஆக வரவு 16,500.

செலவு: மண்டபம் 5,200. விளம்பரம் 3,600. ஆடை அணிவகுப்புக்கான மேடை, ஒலி, ஒளி 3,100. அச்சடிக்கும் கையேடு 1,700. மேசையும் தடுப்புகளும் 1,100. காப்புறுதி, காவலர், முதலுதவி 900. ஆக 15,600.

மண்டபத்தோடும் கடைக்காரர்களோடும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. ஸ்பான்சரோடு வாட்ஸ்அப் பேச்சுத்தான்.

கணக்குப்பிள்ளை
4 பிப்ரவரி, இரவு 9.20

அப்படியானால் ஸ்பான்சர் பணத்தை மறந்துவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் சில நேரம் ஒப்பந்தமாக நிற்கும், ஆனால் மார்ச் 23-க்குள் அது உங்களுக்கு ஒரு பென்னி தராது.

மண்டபம் வேறு கதை. இரண்டு தளம் தருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு தளம் தருகிறார்கள் என்றால் வாடகையைக் குறைக்கக் கேட்பது உங்கள் உரிமை. "இயற்கை இடர், எங்கள் கையில் இல்லை" என்று சொல்லக்கூடும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். ஒழுகும் கூரையைப் பழுது பார்ப்பது கட்டடக்காரரின் வேலை. ஒப்பந்தமே நிறைவேற்ற முடியாமல் போனால் கட்டிய முன்பணத்தைத் திரும்பப் பெற 1943-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. ஆனால் உங்கள் நிலை அதுவல்ல, பாதி நிறைவேறுகிறதே. பேச்சு சரிவராவிட்டால் 10,000 பவுண்டு வரையான வழக்குகளுக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை. கடைசி வழியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,700 பவுண்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. ஆடை அணிவகுப்பை விட்டுவிட்டு ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர் 400 பவுண்டுக்கு எடுத்தால் 2,700 மிச்சம். கையேட்டை அச்சடிக்காதீர்கள், 1,700 மிச்சம். மண்டபம் 1,700. மேசை தடுப்பில் 300. செலவு 9,200-க்கு இறங்கிவிடும். வரவு: கீழ்த்தள 28 கடைக்கு 7,000. இடைவெளிகளில் ஆறடி மேசை எட்டு போட்டு ஒவ்வொன்றும் 160-க்குக் கொடுத்தால் 1,280. பாக்கி 920 பவுண்டு. 500 பவுண்டு தரக்கூடிய சின்ன ஸ்பான்சர் இரண்டு பேரைப் பிடித்தால் 80 பவுண்டு மிஞ்சும். லாபம் கிடையாது, கடனும் கிடையாது.

டொரொன்டோ தம்பி
5 பிப்ரவரி, அதிகாலை 3.30

ஏன் இவ்வளவு அல்லாடுகிறீர்கள்? ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்காபரோவில் நாங்கள் பனிப்புயலுக்காக ஒரு ஜனவரி நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தோம். குடிமுழுகிப் போகவில்லை. நல்ல மண்டபமாக வேறு ஒன்று பார்த்துப் பெரிதாகவே செய்யலாமே.

மணவறை மாமா
5 பிப்ரவரி, காலை 8.10

தம்பி, கனடாக் கலண்டரை இங்கே தொங்கவிடாதீர்.

மார்ச் 30 இங்கே அன்னையர் நாள். மகளும் மருமகளும் அம்மாவை உணவகத்துக்குக் கூட்டிப்போகிற ஞாயிறு அது. அன்றைக்கு விடியப்புறம்தான் மணிக்கூடும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போகிறது. கடை அடுக்க ஆறு மணிக்கு வரச் சொன்னால் பாதிப் பேர் ஏழு மணிக்கு வந்து "ஆறுதானே" என்று நிற்பார்கள். போதாததற்கு 30 அல்லது 31-இல் ஈத் வேறு, இந்தப் பக்கம் வாடகைக்கு வான்கூடக் கிடைக்காது. ஏப்ரல் முதல் வாரக் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கினால் சனம் ஊருக்குப் பறந்துவிடும். 14-ஆம் தேதி புத்தாண்டு, 20-ஆம் தேதி ஈஸ்டர். சித்திரை பிறந்தால் என்னைப் போன்ற மணவறைக்காரருக்கு வார இறுதியே கிடையாது. ஆடிக்கு முன் முடிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கல்யாணம் வைக்கிற ஊர் இது.

முன்னுக்கு இழுக்கலாம் என்றாலும் முடியாது. மார்ச் 16 வெம்பிளி விளையாட்டரங்கில் கால்பந்து லீக் கோப்பை இறுதி ஆட்டம். ஆட்ட நாட்களில் சுற்றுவட்டாரத் தெருக்களில் அனுமதிச் சீட்டு இல்லாத யாரும் கார் நிறுத்த முடியாது. 21 வெள்ளியும் 24 திங்களும் இங்கிலாந்து அணி அங்கே விளையாடுகிறது. இடையில் மாட்டின 23 ஞாயிறு காலியாக இருக்கிறது. அதைக் கைவிட்டால் திரும்பக் கிடைக்காது.

ஹரோவாசி
5 பிப்ரவரி, பகல் 12.30

மாமா, தேதியைப் பார்த்துத்தான் பிடித்தோம், ஆனால் இங்கிலாந்து ஆட்டங்கள் இரண்டு பக்கமும் நிற்பது இப்போதுதான் தெரிகிறது. சரி, தள்ளிவைக்கிற பேச்சு முடிந்தது. ஆனால் மேலே இருந்த 14 பேரைக் கீழே எங்கே போடுவது?

மணவறை மாமா
5 பிப்ரவரி, இரவு 8.45

உங்கள் வரைபடத்தை அனுப்பினீர்களே, பார்த்தேன். இடத்தைத் தின்பவர்கள் நாங்கள்தான். மணவறைக்காரர் நாலு பேர் வருகிறோம், ஆளுக்குப் பதினாறடி அகலத்தில் முழு மணவறை போடுவோம். வருகிற பொம்பிளை மாப்பிள்ளைக்கு நாலு முழு மணவறை எதற்கு? தூணின் வேலைப்பாடு, கதிரை, பின்திரை, பூ இவ்வளவும் தெரிந்தால் போதும், மிச்சத்தை ஐபேடில் காட்டலாம். எட்டடிக்கு நான் சம்மதம். மற்ற மூவரிடமும் நானே கதைக்கிறேன். நீங்கள் கேட்டால் மாட்டோம் என்பார்கள், நான் கேட்டால் "அவன் எட்டடி என்றால் எனக்கும் எட்டடி" என்பார்கள். வாடகையைக் கொஞ்சம் குறையுங்கோ, அவ்வளவுதான். முப்பத்திரண்டு அடி மிச்சம். அதில் ஐந்து மேசை போடலாம்.

ஆனால் வெளியேறும் கதவுக்கு முன்னால் ஒரு பூச்சாடிகூட வைக்கக் கூடாது. இடம் நெருக்கினால் எல்லாரும் முதலில் தின்பது நடைபாதையைத்தான். மண்டபத்தின் தீப் பாதுகாப்பு அலுவலரிடம் புது வரைபடத்தைக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கோ. திரைச்சீலைக்கெல்லாம் தீப்பிடிக்காத துணி என்ற சான்றிதழ் கேட்பார்கள். இல்லாதவர் இப்போதே தேடட்டும், முதல்நாள் இரவு தேடினால் கிடைக்காது. குத்துவிளக்கு வைக்கலாம், திரி கொளுத்த முடியாது. பட்டரியில் எரிகிற விளக்குத்தான். ஐயர் ஒருவர் ஓமம் செய்து காட்டுவதாக உங்கள் நோட்டீசில் பார்த்தேன், அதை எடுத்துவிடுங்கோ.

மட்டுறுத்துநர்
6 பிப்ரவரி

விலகிய நகைக்கடையின் பெயரைக் கேட்டும் ஊகித்தும் வந்த பதிவுகள் நீக்கப்பட்டன. இனியும் நீக்கப்படும்.

ஹரோவாசி
12 பிப்ரவரி, இரவு 9.00

எல்லாருக்கும் கடிதம் போய்விட்டது. ஒரு பக்கம்தான். என்ன நடந்தது, இப்போது இருக்கிற இடம் எவ்வளவு, ஸ்பான்சர் இல்லாததால் அணிவகுப்பும் கையேடும் இல்லை என்று ஒளிக்காமல் எழுதினோம். மேல்மாடிக்காரர்களுக்கு மூன்று வழி கொடுத்தோம்: ஆறடி மேசைக்கு 160, ஒரே கடையை இருவர் பகிர்ந்துகொள்ளலாம், அல்லது கட்டியதை முழுதாக ஏழு நாளில் திருப்பித் தருகிறோம். கீழ்த்தளக்காரர்களுக்கும் விலகும் உரிமை உண்டு என்று போட்டோம். இந்த வரிக்குத்தான் தோழி கடைசி வரை சண்டை பிடித்தாள்.

அனுப்பியதோடு விடாமல் ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். கடிதத்தைப் பார்த்துக் கோபமாக இருந்தவர்கள் கூட போனில் தணிந்துவிட்டார்கள். மேல்மாடி 14 பேரில் ஐந்து பேர் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். எட்டு பேர் மேசை எடுத்தார்கள். கேக் கடைக்காரர் ஒருவர் பூக்கடைக்காரரோடு சேர்ந்துகொண்டார். கீழ்த்தளத்தில் ஒருவரும் அசையவில்லை. மண்டபம் 1,200 பவுண்டு குறைத்திருக்கிறது. மிச்சம் 500-க்கு "நிகழ்ச்சி முடிந்ததும் பேசுவோம்" என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை
12 பிப்ரவரி, இரவு 10.10

"முடிந்ததும் பேசுவோம்" என்பதை மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். அந்த ஐந்து பேருக்கும் பணத்தைச் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அனுப்புங்கள். அது ஊரெல்லாம் பேசப்படும். உங்களுக்குக் கிடைத்த மலிவான விளம்பரம் அதுதான்.

காஞ்சிப்பட்டு
13 பிப்ரவரி, காலை 5.40

வணக்கம் மேடம். உங்கள் கண்காட்சியில் கீழ்த்தளத்தில் கடை எடுத்திருப்பவன் நான், காஞ்சிபுரத்தில் இருந்து வருகிறோம். கடிதம் கிடைத்தது, நன்றி. எனக்கு வேறு சந்தேகம். விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அறுபது புடவை கொண்டுவருகிறோம். அங்கேயே விற்றுவிடலாமா? திரும்பத் தூக்கிக்கொண்டு வர மனசு வரவில்லை.

கணக்குப்பிள்ளை
13 பிப்ரவரி, காலை 8.00

ஐயா, விற்கக் கூடாது. விசிட்டர் விசாவில் வணிகக் கண்காட்சிக்கு வரலாம், உங்கள் சரக்கைக் காட்டலாம், விளக்கலாம். நேரடியாக விற்பது விதிக்குப் புறம்பு. இதைப் பலர் "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த தடவை விசா கேட்கும்போதுதான் வலி தெரியும்.

சரக்கு இன்னொரு விஷயம். ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் எடுத்துவிட்டீர்களா? இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு கொடுக்கிறது. அதைக் காட்டிக் கண்காட்சிச் சரக்கைத் தீர்வை கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவந்து, ஒரு வருடத்துக்குள் திரும்பக் கொண்டுபோகலாம். அதற்கு ஈடாக அங்கே உத்தரவாதத் தொகை வைக்க வேண்டும். பட்டியலில் அறுபது புடவை என்றால் அறுபதும் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் இங்கே தீர்வையும் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரியும் கேட்பார்கள், உங்கள் ஈட்டுத்தொகையில் கைவைப்பார்கள். சென்னையில் கிளம்பும்போது ஒரு முத்திரை, இங்கே இறங்கியதும் ஒன்று, திரும்பும்போது மறுபடி இரண்டு. விமான நிலையத்தில், சுங்கத்தில் காட்ட எதுவும் இல்லாதவர்கள் போகிற பச்சை வழியில் மறந்தும் வெளியே வந்துவிடாதீர்கள்.

விற்க வேண்டும் என்றால், லண்டனில் உங்கள் புடவைகளை முறையாக இறக்குமதி செய்து வைத்திருக்கும் கடை ஏதாவது இருக்கிறதா? அந்தக் கடைக்காரரைப் பக்கத்து மேசையில் உட்கார வையுங்கள். நீங்கள் காட்டுங்கள், ஆர்டரும் பணமும் அவர் பெயரில் போகட்டும்.

காஞ்சிப்பட்டு
13 பிப்ரவரி, காலை 9.15

ஈஸ்ட்ஹாமில் ஒருவர் இருக்கிறார், எங்களிடம்தான் எடுக்கிறார். கேட்டுப் பார்க்கிறேன். கார்னெட் விண்ணப்பமும் போட்டாயிற்று. நல்லவேளை கேட்டேன்.

ஹரோவாசி
17 பிப்ரவரி, இரவு 7.30

சின்ன ஸ்பான்சர் ஒருவர் 500-க்குக் கிடைத்துவிட்டார், படப்பிடிப்புக்காரர். இன்னொருவர் சென்னையில் இருந்து தாலிக்கொடி, அட்டியல் எல்லாம் கொண்டுவந்து விற்பதாகச் சொல்கிறார். 1,500 தர ஆயத்தம். சபலமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
17 பிப்ரவரி, இரவு 8.20

அந்தச் சபலத்தை விடுங்கள். விசா விஷயம் ஒன்று. அதைவிடப் பெரியது, 1973-ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டம். ஒரு கிராமுக்கு மேல் எடையுள்ள எந்த நகையையும் இங்கே தங்கம் என்று சொல்லி விற்க வேண்டுமானால் இந்த நாடு ஏற்றுக்கொள்ளும் ஹால்மார்க் முத்திரை வேண்டும். இந்தியாவின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் கொடுக்கும் முத்திரை இங்கே செல்லாது. 22 கேரட், 916 என்று அங்கே அடித்திருந்தாலும் லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ உள்ள மதிப்பீட்டு நிலையத்தில் மறுபடி அடிக்க வேண்டும். வணிகத் தரநிலை அதிகாரிகள் வந்து மேசையை மூடச் சொன்னால் அடுத்த நாள் எல்லார் வாயிலும் இருக்கப்போவது உங்கள் கண்காட்சியின் பெயர்.

ஹரோவாசி
17 பிப்ரவரி, இரவு 8.35

சரி, விட்டாயிற்று. சேமிப்பில் இருந்து 420 போடுகிறோம்.

சந்தேகப்பேர்வழி
19 பிப்ரவரி, இரவு 11.50

போன வருடம் கல்யாணம் செய்தவன் என்ற முறையில் பார்வையாளர் பக்கத்துப் புலம்பல். நானும் அவளும் மூன்று கண்காட்சிக்குப் போனோம். எந்தக் கடையிலும் விலை சொல்ல மாட்டேன் என்கிறார்கள். "உங்கள் நம்பரைக் கொடுங்கள், கூப்பிடுகிறோம்." கூப்பிட்டார்கள், கல்யாணம் முடிந்து தேனிலவில் இருக்கும்போதும் கூப்பிட்டார்கள். கூட்டம் இல்லை என்று அழுகிற ஏற்பாட்டாளர்கள் முதலில் "இன்ன விலையில் இருந்து" என்று ஒரு அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இலவச நுழைவு என்றால் சாப்பாட்டுக் கடை முன்னால் மட்டும்தான் கூட்டம். பேத்திக்கு ஐந்து வயது ஆகிற தாத்தாவெல்லாம் கொத்து ரொட்டிக்கு மூன்றாவது தடவை வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். ஐந்து பவுண்டு டிக்கெட் போடுங்கள்.

ஈலிங் அக்கா
20 பிப்ரவரி, காலை 7.00

தம்பி, அந்தத் தாத்தாக்கள்தான் பிறகு பெறாமகளின் கல்யாணத்துக்கு "அந்தக் கடையில் எடுங்கோ" என்று சொல்லுகிற ஆட்கள். எங்கள் சனத்தில் கேட்டரிங் முடிவு செய்வது பொம்பிளை மாப்பிள்ளை என்று யார் சொன்னது?

ஆனால் டிக்கெட்டில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. இலவசமாகப் பதிந்தவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள், மழை பெய்தால் இன்னும் குறையும். அதை நம்பி நான் ஆயிரம் துண்டு பொரித்தால் குப்பையில்தான் போடுவேன். என் யோசனை: நுழைவு இலவசம், ருசிச் சீட்டு மட்டும் மூன்று பவுண்டு.

தங்கச்சி, சாப்பாட்டுக் கடை எத்தனை பேர்? ஒவ்வொருவரும் தங்கள் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கோ. தொடங்குவதற்கு 28 நாளுக்கு முன் பதிய வேண்டும், ஆகவே வீட்டில் கேக் செய்கிற புதுப்பிள்ளைகள் இந்த வாரமே பதிந்தால்தான் சரி. பதினாலு ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலும் மேசையில் இருக்க வேண்டும். எள்ளுருண்டையில் எள்ளு இருப்பது எங்களுக்குத் தெரியும், அலுவலருக்கு எழுதிக் காட்ட வேண்டும்.

டொரொன்டோ தம்பி
20 பிப்ரவரி, பகல் 2.00

ருசிச் சீட்டு நல்ல ஐடியா அக்கா, அதை இங்கேயும் திருடப் போகிறேன். கொக்டெயில் கடை ஏதும் உண்டா? இங்கே அதற்கு லைசென்ஸ் கேட்பார்கள்.

கணக்குப்பிள்ளை
20 பிப்ரவரி, மாலை 6.30

இங்கேயும்தான். மண்டபத்துக்கு மது உரிமம் இல்லாவிட்டால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 21 பவுண்டு, பத்து வேலை நாளுக்கு முன். அதில் ஊழியர்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. இந்தக் கண்காட்சிக்கு மதுக்கடையே வேண்டாம் என்பது என் கருத்து. தலைவலி மிச்சம்.

ஹரோவாசி
21 மார்ச், காலை 6.10

யாராவது விழித்திருக்கிறீர்களா? ஹீத்ரோ முழுதாக மூடியிருக்கிறது. ஹேஸில் துணைமின் நிலையத்தில் தீயாம், இன்று விமானமே இல்லை என்கிறார்கள். காஞ்சிபுரக்காரர்கள் இன்று பகல் வந்து இறங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் தவில்காரரும் இன்றுதான். அழைத்துப் பார்க்கிறேன், போன் போகவில்லை.

மணவறை மாமா
21 மார்ச், காலை 6.25

விழித்திருக்கிறேன். எங்கள் தெருவில் நாலு பேர் விமான நிலையத்தில் வேலை, எல்லாரும் வீட்டில் நிற்கிறார்கள். பதறாதீங்கோ. தவிலுக்கு நான் பொறுப்பு. என்னோடு கல்யாணங்களுக்கு வாசிக்கிற பெடியன் ஒருத்தன் இங்கேயே இருக்கிறான், ஞாயிறு காலை ஓய்வு. நாதஸ்வரக்காரர் லண்டனில்தானே இருக்கிறார்? போதும்.

காஞ்சிப்பட்டு
21 மார்ச், காலை 8.40

மேடம், துபாயில் மாட்டிக்கொண்டோம். லண்டன் விமானம் ரத்து. பெட்டிகள் அவர்கள் கையில். நாளை இரவு காட்விக்கில் இறங்குகிற விமானத்தில் இடம் பார்க்கிறோம் என்கிறார்கள். என் மச்சான் திரும்பிப் போய்விடலாம் என்கிறான். நான் வருகிறேன். கடையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
21 மார்ச், காலை 8.55

கார்னெட் காகிதம் பெட்டியில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா? கையில் என்றால் பரவாயில்லை. காட்விக்கில் இறங்கினாலும் முறை அதேதான். நடு இரவு, களைப்பு என்று நேராக வெளியே வந்துவிடாதீர்கள். சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கிய பிறகுதான் வாசல். பெட்டி ஒன்று வராமல் போனால் அதையும் அங்கேயே எழுதிப் பதியுங்கள்.

ஹரோவாசி
21 மார்ச், மாலை 7.15

மாலையில் விமானங்கள் மெல்ல ஓடத் தொடங்கிவிட்டன, ஆனால் நம்மவர்களுக்கு நாளை இரவுதான். அவர்கள் கடையைக் காலியாக வைக்காமல் ஈஸ்ட்ஹாம் கடைக்காரரே திறந்துவிடுகிறார், அவரிடம் உள்ள காஞ்சிப் புடவைகளோடு. பார்வையாளர்களுக்கும் முகநூலில் எழுதிவிட்டோம்: "காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பம் ஹீத்ரோவால் தாமதம், ஞாயிறு பகலுக்குப் பிறகு எதிர்பார்க்கலாம்." இந்தத் தடவை தோழிதான் முதலில் "சொல்லிவிடலாம்" என்றாள்.

ஹரோவாசி
25 மார்ச், இரவு 9.30

முடிந்தது. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

பதிவு செய்தவர்கள் 900 பேர். கையில் முத்திரை குத்தி எண்ணியது 540. ஏறக்குறைய அக்கா சொன்ன விகிதம்தான். ருசிச் சீட்டில் வந்த காசு சாப்பாட்டுக் கடைகளுக்கே போனது. காஞ்சிபுரத்து ஐயா ஞாயிறு பதினொரு மணிக்கே வந்துவிட்டார். இரவு ஒரு மணிக்குக் காட்விக்கில் இருந்து வெளியே வந்தாராம், முத்திரை வாங்கத்தான் அவ்வளவு நேரம். தூங்காத கண்ணோடு நின்று, ஒரு புடவையை மடிப்பைப் பிரித்துக் கோர்வை எப்படி உடலையும் கரையையும் இணைக்கிறது என்று புறப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மணப்பெண்களை விட அம்மாமார்தான் சுற்றி நின்றார்கள். அணிவகுப்பு இல்லாததை ஒருவரும் கேட்கவில்லை.

சிக்கல் ஒன்று மிச்சம். மேக்கப் கலைஞர் ஒருவர் முழு வாடகையையும் திருப்பிக் கேட்கிறார். 900 பேர் என்று நாங்கள் விளம்பரம் செய்ததாகவும் அவர் மேசைக்கு இருபது பேர்கூட வரவில்லை என்றும் சொல்கிறார்.

சந்தேகப்பேர்வழி
25 மார்ச், இரவு 10.00

விளம்பரத்தில் 900 என்று போட்டீர்களா?

ஹரோவாசி
25 மார்ச், இரவு 10.05

"900 பேர் பதிவு செய்துள்ளனர்" என்று போட்டோம். உண்மைதானே.

கணக்குப்பிள்ளை
25 மார்ச், இரவு 10.30

உண்மைதான், ஆனால் படிப்பவர் அதை "வருகிறார்கள்" என்றுதான் படிப்பார். ஒப்பந்தத்தில் கூட்டத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று இருக்கிறது, ஆகவே கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எண்ணைக் காட்டிப் பதில் எழுதுங்கள்: பதிவு இவ்வளவு, வந்தது இவ்வளவு, மணிக்கு மணி இவ்வளவு. பணம் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் பேசாமல் இருந்த மற்றவர்களுக்கு அநியாயம்.

ஈலிங் அக்கா
26 மார்ச், காலை 7.10

எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பிள்ளையின் மேசையை நான் பார்த்தேன். கழிப்பறைக்குப் போகிற வழியில், தூணுக்குப் பின்னால். வெளிச்சமும் இல்லை. மேக்கப் செய்கிறவளுக்கு வெளிச்சம் இல்லாத இடத்தைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தைக் காட்டினால் எப்படி? முழுதாக வேண்டாம், பாதியாவது கொடுங்கோ. இது கூட்டத்துக்கான காசு இல்லை, இடத்துக்கான காசு என்று எழுதிக் கொடுங்கோ. அப்போது மற்றவர்கள் கேட்க முடியாது.

கணக்குப்பிள்ளை
26 மார்ச், காலை 8.15

இடத்துக்கென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆறடி மேசை, 160-இல் பாதி 80. என் பழைய கணக்கில் மிஞ்சின அதே 80 பவுண்டு, அதுவும் போயிற்று.

ஹரோவாசி
2 ஏப்ரல், இரவு 8.50

80 பவுண்டு அனுப்பிவிட்டோம், அவரும் ஏற்றுக்கொண்டார். மண்டபம் அந்த 500-இல் 350 தர ஒத்துக்கொண்டது, மின்னஞ்சலைக் காட்டிய பிறகு. மிச்சம் 150-க்கு அலைவதாக இல்லை.

அடுத்ததற்கான கடைக்காரர் ஒப்பந்தத்தைத் திருத்துகிறோம். தளமோ இடமோ மாறினால் எத்தனை நாளுக்குள் அறிவிப்போம், எவ்வளவு குறைப்போம் என்பது எழுத்தில் வரும். ஸ்பான்சர் பணம் கணக்கில் விழும் வரை அவர் பெயர் நோட்டீசில் போகாது. பதிவு எண்ணிக்கையை விளம்பரத்தில் போடுவதில்லை. வேறு ஏதும் சேர்க்க வேண்டுமா?

மணவறை மாமா
2 ஏப்ரல், இரவு 9.20

சேருங்கோ. மணவறைக்காரர் காலை ஐந்தரைக்கு வரும்போது மண்டபச் சாவி வைத்திருக்கிற ஆளும் ஐந்தரைக்கு வர வேண்டும் என்று. அன்றைக்கு முக்கால் மணித்தியாலம் குளிரில் தூண்களோடு நின்றோம்.